பயன்பாட்டு இயற்பியல்: கொச்சிக் கரையின் இரு எடுத்துக்காட்டுகள்

பொறியியல் முதலாண்டில் கற்பிக்கப்படும் பயன்பாட்டு இயற்பியலின் இரு பெரும் பிரிவுகள் இயக்கவியலும் மின்காந்தவியலும். பல கல்லூரிகளில் இவை தனித்தனித் தாள்கள். நடத்தும் ஆசிரியர்களும் வேறு. உத்தரத்தின் திருப்புவிசையைக் கணக்கிடும் மாணவர், மோட்டார் பாடத்துக்கு வரும்போது அதே சமன்பாட்டைத்தான் எழுதுகிறோம் என்பதை உணராமலே தேர்வு எழுதிவிடுகிறார். இப்பிரிவினை பாடத்திட்ட வசதிக்காக ஏற்பட்டது. இயற்கையில் அதற்கு ஆதாரம் இல்லை. இதைக் காட்ட கொச்சியின் மேற்குக் கரை போதும். ஃபோர்ட் கொச்சியில் சீன வலைகள் எனப்படும் மீன்பிடி வலைகள் இருக்கின்றன. பக்கத்து மட்டாஞ்சேரியில் மின்சாரப் படகுகள் வந்து போகும் வாட்டர் மெட்ரோ துறை இருக்கிறது.

சீன வலை ஒரு பெரிய நெம்புகோல். கரையோரம் கிடைமட்டமாகக் கிடக்கும் மரமே அதன் சுழல் அச்சு. அதிலிருந்து கடல் பக்கம் நீளும் கழிகளில் ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள வலை தொங்குகிறது. கரைப் பக்கம் கயிறுகளில் கற்கள் தொங்குகின்றன. முதன்மைக் கழியின் மேல் ஒருவர் நடந்து சென்றாலே வலை நீரில் இறங்கிவிடும் அளவுக்குச் சமநிலை நுட்பமானது. எவ்வளவு நுட்பம் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். வலைப் பக்கத்து எடை 200 கிலோ, அச்சிலிருந்து அதன் கிடைத்தொலைவு 9 மீட்டர், கற்களின் தொலைவு 3 மீட்டர் என்று கொள்வோம். ஈடுகட்ட 600 கிலோ கல் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் 3 மீட்டர் தூரம் நடந்து தரும் திருப்புவிசை, வலை தருவதில் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே கல்லின் எடையில் நேரும் பிழையும் அச்சின் உராய்வும் சேர்ந்தே அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கியாக வேண்டும். எந்த அளவுகோலும் இன்றி, கயிற்றையும் கல்லையும் மட்டும் மாற்றி மாற்றிக் கட்டி மீனவர்கள் இதை எட்டியிருக்கிறார்கள்.

இன்னும் நுட்பமானது கற்களைக் கட்டும் முறை. எல்லாக் கற்களையும் ஒரே நீளக் கயிற்றில் கட்டுவதில்லை. வலை மேலே வர வர, கற்கள் ஒவ்வொன்றாக மேடையில் அமர்ந்து, தம் இழுவையைக் கைவிடுகின்றன. கழி நிமிரும்போது அச்சிலிருந்து வலையின் கிடைத்தொலைவு குறைகிறது. அதன் திருப்புவிசையும் குறைகிறது. கல்லின் இழுவை அப்படியே இருந்தால் வலை கட்டுப்பாடின்றி மேலே பாய்ந்துவிடும். கற்கள் இப்படி அமர்வதால், மாறும் சுமைக்கு ஏற்ப எதிர்ப்பக்கமும் தானே மாறுகிறது. பாடநூல் வரையும் நிலையான உத்தரத்தில் இந்தச் சிக்கலுக்கு இடமே இல்லை. பொறியாளர் சந்திக்கப்போவதோ பெரும்பாலும் இதைத்தான். கற்கள் ஆற்றலை உண்டாக்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வலை இறங்கும்போது உயரும் கற்களில் சேரும் நிலையாற்றல், வலை ஏறும்போது திரும்பக் கிடைக்கிறது. மீனின் எடைக்கும் நீரின் தடைக்கும் உராய்வுக்கும் மட்டுமே மனித உழைப்பு தேவைப்படுகிறது.

இரண்டாம் எடுத்துக்காட்டான கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. கொச்சின் ஷிப்யார்டு கட்டிய 100 பேர் பயணிக்கும் படகுகள் லித்தியம் மின்கலத்தில் 8 நாட் வேகத்தில், அதாவது விநாடிக்குச் சுமார் 4.1 மீட்டர், ஓடுகின்றன. அவற்றை இயக்கும் மோட்டாரின் அடிப்படை, மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று எர்ஸ்டெட் 1820இல் கண்டதும், மாறும் காந்தப் பாயம் மின்னியக்கு விசையைத் தூண்டுகிறது என்று ஃபாரடே 1831இல் கண்டதும்தான். காந்தப்புலத்தில் உள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் திருப்புவிசை பிறக்கிறது. சுருள் சுழலத் தொடங்கியதும், லென்ஸ் விதிப்படி, அதிலேயே எதிர் மின்னியக்கு விசை தூண்டப்பட்டு, மின்னோட்டத்தைக் குறைக்கிறது. மோட்டாரின் திருப்புவிசையும் உந்துவிசிறி மீது நீர் தரும் எதிர்த் திருப்புவிசையும் சமமாகும் இடத்தில் வேகம் நிலைக்கிறது. சுமை கூடினால் சுழற்சி சற்றுத் தளர்கிறது, எதிர் மின்னியக்கு விசை குறைகிறது, மின்னோட்டம் ஏறுகிறது, புதிய சமநிலை அமைகிறது. சீன வலையில் கற்கள் செய்யும் வேலையை இங்கே லென்ஸ் விதி செய்கிறது. மாறுமின்னோட்ட மோட்டாரில் கணக்கு கூடுதல் சிக்கலானது. மின்னணுக் கட்டுப்பாடும் குறுக்கே வரும். ஆனால் திருப்புவிசைகளின் சமநிலை மாறுவதில்லை.

மின்காந்தவியல் வெறும் மோட்டார் அல்ல, மேக்ஸ்வெல் சமன்பாடுகளும் அலைகளும் நெம்புகோலில் கிடைக்காது என்று ஆட்சேபிக்கலாம். அது உண்மை, அந்தப் பகுதிக்குத் தனிக் கணிதம் வேண்டும். ஆயினும் முதலாண்டு மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் அதற்கு முன்பே, மின்சுற்றின் குறியீடுகளுக்கும் கையால் உணரும் விசைக்கும் இடையில்தான். அந்த இடைவெளியை நிரப்ப இயக்கவியல் தேவை. படகின் வேகமே இதற்குச் சான்று. நீரின் தடை தோராயமாக வேகத்தின் இருமடியாகவும், தேவைப்படும் திறன் மும்மடியாகவும் உயரும். வேகத்தை 8 நாட் அளவிலிருந்து 10 நாட் அளவுக்கு உயர்த்த ஏறத்தாழ இரு மடங்கு திறன் வேண்டும். மின்கலத்தின் கொள்ளளவை முடிவு செய்யும் மின்பொறியாளர், நீரின் இயக்கவியலைத் தெரிந்துகொள்ளாமல் முதல் வரியைக்கூட எழுத முடியாது.

எனவே மோட்டார் பாடத்தைத் திருப்புவிசைக் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும். கொச்சியில் படிக்கும் மாணவர்கள் முதலில் ஒரு சீன வலையின் இரு பக்கத் தொலைவுகளையும் அளந்து சமன்பாட்டை எழுதட்டும். படகு துறையை விட்டு நகரும் விநாடியிலும் பின்பு சீரான வேகத்திலும் மோட்டாரின் மின்னோட்டம் எப்படி வேறுபடும் என்பதை அதே தாளில், அடுத்த கணக்காகப் போட்டுப் பார்க்கட்டும்.