ஐந்து பேர் போதும்: எல்லை தாண்டிய கல்யாணங்களின் கதை

கல்யாணம் என்றால் மண்டபம், பந்தி, மொய், ஆயிரம் பத்திரிகை. ஆனால் ஸ்காட்லாந்தில் மாப்பிள்ளை, பெண், நடத்தி வைப்பவர் ஒருவர், சாட்சிகள் இரண்டு பேர், ஆக மொத்தம் ஐந்தே பேர் ஒரு மலையடிவாரத்தில் நின்று கல்யாணத்தை முடித்துவிடலாம். சட்டப்படி செல்லும்! கிளென்கோ பள்ளத்தாக்குக்கும் ஸ்கை தீவுக்கும் இதற்காகவே வெளிநாட்டு ஜோடிகள் வருகிறார்கள்.

இது ஏதோ புது ஃபேஷன் என்று நினைத்தால் தப்பு. இதற்குப் பின்னால் இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான கதை இருக்கிறது. அதில் காதலை விடப் பணம்தான் அதிகம் பேசும்.

ஹார்ட்விக் போட்ட பூட்டு

18-ம் நூற்றாண்டு லண்டனில் ஃப்ளீட் என்ற சிறைச்சாலையைச் சுற்றி ரகசியக் கல்யாண வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. கடனாளிப் பாதிரியார்கள் காசை வாங்கிக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் கல்யாணம் செய்து வைத்தார்கள். பணக்காரக் குடும்பங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏன்? கல்யாணம் ஆன நிமிடமே பெண்ணின் பணம், நகை எல்லாம் கணவனுக்குப் போய்விடும், நிலத்தை நிர்வகிக்கும் உரிமையும் அவனுக்குத்தான். இதுதான் அன்றைய இங்கிலாந்துச் சட்டம். மகள் ஒருநாள் ஓடிப்போனால் சொத்தும் கூடவே ஓடிப்போகும்.

அப்போது லார்டு சான்சலராக இருந்தவர் ஹார்ட்விக் பிரபு. நாட்டின் நீதித்துறைக்கே தலைமைப் பதவி அது. அவர் 1753-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். கல்யாணம் சர்ச்சில்தான் நடக்க வேண்டும். ஒன்று, மூன்று ஞாயிற்றுக்கிழமை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் லைசென்ஸ் வாங்க வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவர்கள் லைசென்ஸ் வாங்கப் பெற்றோர் சம்மதம் கட்டாயம். யூதர்களுக்கும் குவேக்கர்களுக்கும் விலக்கு. 1754 மார்ச் 25 முதல் இது அமலுக்கு வந்தது.

பூட்டில் ஒரு ஓட்டை

1707-லேயே இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாகிவிட்டாலும், ஸ்காட்லாந்தின் சட்டம் தனியாகவே இருந்தது. அங்கே பையனுக்கு 14, பெண்ணுக்கு 12 வயது ஆகியிருந்தால் போதும். சாட்சிகள் முன்னால் "இவரை ஏற்றுக்கொள்கிறேன்" என்று இருவரும் சொன்னால் கல்யாணம் முடிந்தது. சர்ச் வேண்டாம், பாதிரியார் வேண்டாம், அப்பா அம்மாவும் வேண்டாம்.

பிறகென்ன? எல்லையோரப் பட்டிக்காடுகளுக்கு யோகம் அடித்தது! கிரெட்னா கிரீன், கோல்ட்ஸ்ட்ரீம் பாலத்துச் சுங்கச்சாவடி, லாம்பர்டன் சுங்கச்சாவடி என்று எங்கும் குதிரை வண்டிகள் பறந்தன. கிரெட்னாவில் கொல்லன் பட்டறைப் பட்டடைக்கல் இந்தக் கல்யாணங்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. நடத்தி வைத்த பலர் உண்மையில் கொல்லர்களே இல்லை என்பது வேறு விஷயம். கட்டணமும் ஆளைப் பார்த்துத்தான். துரத்தி வரும் அப்பா பின்னால் இருக்கும்போது யார் பேரம் பேசுவார்கள்?

வேடிக்கை என்னவென்றால், ஹார்ட்விக் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்த மூன்று பேர் இப்படி எல்லை தாண்டிக் கல்யாணம் செய்தவர்கள். நிலக்கரி வியாபாரியின் மகன் ஜான் ஸ்காட், 1772-ல் நியூகாசிலில் ஒரு வங்கிக்காரரின் மகள் பெஸ்ஸி சர்ட்டீஸை ஜன்னல் வழியாக ஏணி வைத்து இறக்கி, பிளாக்ஷீல்ஸ் என்ற ஊரில் மணந்தார். பின்னாளில் எல்டன் பிரபுவாகி லார்டு சான்சலர் ஆனவர் இவர்தான். பதவி முடிந்த பிறகு எர்ஸ்கின் பிரபு 1818-ல் கிரெட்னாவில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். புரூம் 1819-ல் கோல்ட்ஸ்ட்ரீமில் ரகசியமாக மணந்தார், 1830-ல் லார்டு சான்சலர் ஆனார்.

கதையின் இருண்ட பக்கம்

இதுவரை படித்தால் சினிமா மாதிரி ஜாலியாக இருக்கும். ஆனால் 1826-ல் நடந்தது வேறு. எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டு என்பவர், பள்ளி விடுதியில் இருந்த எல்லன் டர்னர் என்ற 15 வயதுப் பெண்ணை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி வரவழைத்தார். அப்பாவின் தொழில் மூழ்கப் போகிறது, இந்தக் கல்யாணம் நடந்தால்தான் காப்பாற்றலாம் என்று அடுத்த பொய். மில் முதலாளியின் மகளான எல்லன் அதை நம்பி கிரெட்னாவில் "சம்மதம்" சொன்னாள். சாட்சிகள் இருந்தார்கள், வார்த்தைகள் சொல்லப்பட்டன. சட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தக் கல்யாணத்தை ரத்து செய்ய 1827-ல் பாராளுமன்றமே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. வேக்ஃபீல்டுக்கு மூன்று வருஷம் சிறை.

கேள்வி கேட்காத சுதந்திரம் காதலர்களுக்கும் உதவியது, கடத்தல்காரனுக்கும் உதவியது.

பூட்டும் சாவியும்

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. இருவரில் ஒருவராவது ஸ்காட்லாந்தில் 21 நாள் தங்கியிருக்க வேண்டும் என்று 1856-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயரே "புரூம் பிரபு சட்டம்". ஆமாம், கோல்ட்ஸ்ட்ரீமில் ரகசியக் கல்யாணம் செய்த அதே புரூம்தான்! 1870, 1882 சட்டங்களால் இங்கிலாந்தில் மனைவியின் சொத்து மனைவிக்கே என்று ஆனது. 1929-ல் திருமண வயது 16 ஆனது. 1940 ஜூலை 1 முதல் சாட்சிகள் முன் வாய்ச்சொல்லால் நடக்கும் பழைய கல்யாணம் முடிவுக்கு வந்தது.

ஆனால் இடத்தைப் பற்றிய சுதந்திரத்தை ஸ்காட்லாந்து விடவில்லை. 1977 சட்டப்படி மத குருமார்கள் எந்த இடத்திலும் கல்யாணம் நடத்தலாம். பதிவாளர்கள் அலுவலகத்தை விட்டு வெளியே வந்து நடத்த 2002-ல் வழி பிறந்தது. இங்கிலாந்திலோ, அங்கீகரிக்கப்பட்ட இடங்களின் தோட்டத்தில் வைத்துப் பதிவுத் திருமணம் நடத்தவே 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று கிளென்கோவில் ஐந்து பேரோடு கல்யாணம் செய்ய வேண்டுமானாலும், குறைந்தது 29 நாட்களுக்கு முன்பே பதிவாளரிடம் இருவரும் மனுக் கொடுத்திருக்க வேண்டும். சாட்சிகளுக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். ஹார்ட்விக் கேட்டது பெற்றோரின் சம்மதத்தை. கிரெட்னா கேட்டது இரண்டு வார்த்தையை. இன்றைய சட்டம் கேட்பது அந்த வார்த்தையை யோசித்துச் சொல்லக் கொஞ்சம் அவகாசத்தை. எல்லன் டர்னருக்குக் கிடைக்காதது அதுதான்.

கூட்டம் ஆயிரமா, ஐந்தா என்பது செலவுக் கணக்கு மட்டும்தான். பெண்ணை யாராவது உண்மையைச் சொல்லிக் கேட்டார்களா என்பதுதான் கல்யாணக் கணக்கு.