பண்டைய சமயங்களில் பெண்ணும் பங்கும்

ஒரு சமுதாயம் பெண்ணை எப்படி மதித்தது என்பதை அதன் துதிப்பாடல்களில் மட்டும் தேடினால் முழு விடை கிடைக்காது. தந்தையோ கணவனோ இறந்தபின் அவள் கையில் என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும்.

ஏதென்ஸ் நகரம் அதீனா என்ற பெண் தெய்வத்தின் பெயரைத் தாங்கியது. அந்நகரச் சட்டமோ, ஏறத்தாழ 50 லிட்டர் வாற்கோதுமையின் மதிப்புக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கலைப் பெண் தானாகச் செய்ய இடந்தரவில்லை. தந்தை இறந்து, சகோதரனும் இல்லாத பெண்ணைத் தந்தைவழி நெருங்கிய உறவினர் மணக்க உரிமை கோரலாம். சொத்து குடும்பத்தை விட்டுப் போகக்கூடாது என்பதே நோக்கம்.

பாபிலோன் மக்கள் இஷ்தார் என்ற பெண் தெய்வத்தை வணங்கினார்கள். கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹம்முராபி சட்டம் மனைவியின் சீதனத்தைப் பாதுகாத்தது உண்மை. ஆனால் கடன்பட்டவன் தன் மனைவி, மக்களைக் கடன்காரனிடம் 3 ஆண்டு வேலைக்கு ஒப்படைக்கலாம் என்றும் அதே சட்டம் சொன்னது.

எகிப்து இவற்றிலிருந்து வேறுபட்டது. அங்கே பெண் சொத்து வைத்திருக்கலாம், வழக்காடலாம். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் 8 பிள்ளைகளை வளர்த்த நவுநக்தே என்ற தாய், முதுமையில் தம்மைக் கவனிக்காத பிள்ளைகளுக்குத் தம் சொத்தில் பங்கில்லை என்று உயில் செய்தார். அந்த ஏடு இன்றும் உள்ளது.

அறியாமைக் கால அரபு மக்கள் லாத், உஸ்ஸா, மனாத் என்ற பெண் தெய்வங்களை வணங்கினார்கள். பெண் குழந்தை பிறந்தால் முகம் கறுத்தார்கள். சிலர் உயிரோடு புதைத்தார்கள். இந்த முரண்பாட்டைத் திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் எடுத்துக்காட்டுகிறது. அன்னை கதீஜா (ரலி) போன்ற செல்வப் பெண்மணிகள் அன்றும் இருந்தார்கள். ஆனால் எல்லாப் பெண்களுக்கும் உறுதியான பங்கு என்று ஒன்று இருக்கவில்லை.

ஹிஜ்ரி 3இல் உஹதுப் போரில் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) ஷஹீதானார்கள். அவர்களின் சொத்து முழுவதையும் சகோதரர் எடுத்துக்கொண்டார். மனைவி இரு பெண்மக்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. சொத்தை 24 பங்காக வைத்தால் பெண்மக்களுக்கு 16, மனைவிக்கு 3, மீதி 5 மட்டுமே சகோதரருக்கு என்ற விகிதத்தில் நபிகளார் தீர்ப்பளித்தார்கள்.

இது நமக்கு வெறும் பழங்கதையன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஷரீஆ நீதிமன்றங்கள் வாரிசுப் பங்கைக் குறித்துச் சான்றிதழ் தருகின்றன. ஆனாலும், "கல்யாணத்துக்கு நகை போட்டோமே" என்று சொல்லிச் சகோதரிகளிடம் கையெழுத்து வாங்கும் பழக்கம் சில குடும்பங்களில் உண்டு. தந்தை போட்ட நகை அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கு ஆகாது. பெண் மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு, உறவு முறியுமே என்று அஞ்சி விட்டுக்கொடுப்பது வேறு.

அன்று அந்தத் தாய் வந்து கேட்க வேண்டியிருந்தது. நம் வீட்டுப் பெண்மக்கள் கேட்கும்முன் அவர்களின் பங்கைக் கொடுத்துவிட வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.