ஒரே ஒருத்தரிடம் பேசியவர்

1931-இல் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு கார் விபத்து. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தவர் ஆர்தர் காட்ஃப்ரே. கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் ரேடியோ ஆப்பரேட்டராக இருந்தவர், 1929-இல் பால்டிமோரில் பாஞ்சோ வாசித்துப் பாடி வானொலிக்குள் நுழைந்தவர். அசைய முடியாமல் படுத்திருந்தவருக்கு ரேடியோ ஒன்றுதான் துணை. நாள் முழுக்கக் கேட்டபோதுதான் அவருக்கு உறைத்தது: எல்லா அறிவிப்பாளர்களும் மேடையில் நிற்கிற மாதிரியே பேசுகிறார்கள். நம்மூர் 'பெரியோர்களே, தாய்மார்களே' போல. ஆனால் கேட்கிற இடத்தில் கூட்டமே இல்லை. கட்டிலில் ஒரு ஆள், அடுப்படியில் ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

குணமாகி வந்ததும் ஒரே ஒருத்தரிடம் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தார்.

இன்றைக்கு இது சாதாரணம். இயர்போனில் கேட்கிற பாட்காஸ்ட் எல்லாமே இந்தத் தொனிதான். 1934-இல் வாஷிங்டனின் சி.பி.எஸ். நிலையத்தில் காலை நிகழ்ச்சிக்கு உட்கார்ந்தபோது அது பெரிய அத்துமீறல். கையில் கொடுத்த விளம்பரத் தாளை அப்படியே வாசிக்க மாட்டார், கிண்டலடிப்பார். ஒரு ரோம ஆடைக் கடையின் வாசலில் நின்ற, பஞ்சடைத்த கரடியைக்கூட விடவில்லை. கடைக்காரர் கோபப்படவில்லை, ஏனென்றால் சனங்கள் கரடியைப் பார்க்கக் கடைக்கு வந்தார்கள். பிற்பாடு லிப்டன் கோழி சூப்புக்கு விளம்பரம் செய்யும்போது அதில் கோழி எங்கே என்று அவரே தேடுவார். நம்மிடம் பொய் சொல்லாத ஆள் என்று கேட்பவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத்தான் அவர் விற்றார்.

எங்க தாத்தா காலையில் ரேடியோக்காரர் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வைப்பார். சின்ன வயசில் சிரித்திருக்கிறேன். காட்ஃப்ரேயைப் பற்றிப் படித்த பிறகு சிரிக்கத் தோன்றவில்லை.

1945 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் இறுதி ஊர்வலத்தை நேரலையில் வர்ணித்தார். புது ஜனாதிபதி ட்ரூமனின் கார் கடந்தபோது குரல் உடைந்து அழுதுவிட்டார். அறிவிப்பாளர் அழக் கூடாது என்பது விதி. நாடே அவரோடு சேர்ந்து அழுதது. அதே மாதம் 30-ஆம் தேதி, அவருடைய காலை நிகழ்ச்சி தேசம் முழுக்க ஒலிபரப்பாக ஆரம்பித்தது. அப்புறம் டிவி, புகழ், பணம். (புதுத் திறமைகளைக் கண்டுபிடிக்கும் அவருடைய நிகழ்ச்சியின் தேர்வில் எல்விஸ் பிரெஸ்லி தேறவில்லை. அதையும் சொல்லிவிடணும்.)

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது 1953 அக்டோபர் 19 காலையைத்தான். ஜூலியஸ் லா ரோசா, கடற்படையிலிருந்து காட்ஃப்ரேயே கண்டெடுத்த இளம் பாடகர். ரசிகர் கடிதங்கள் குவிந்தன. ஒத்திகைக்கு நடன வகுப்பு என்று ஒன்று வைத்திருந்தார் காட்ஃப்ரே. பையன் அதற்கு ஒருநாள் வரவில்லை. கேட்காமலே தனக்கென ஒரு ஏஜென்ட்டையும் வைத்துக்கொண்டான். அன்று நிகழ்ச்சி முடிகிற நேரம். பையன் ஒரு பாட்டுப் பாடி முடித்தான். டிவி பகுதி ஏற்கெனவே முடிந்து, ரேடியோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இதுதான் ஜூலியின் 'ஸ்வான் சாங்' என்று நேயர்களிடம் சொன்னார் காட்ஃப்ரே. கடைசிப் பாட்டு என்று அர்த்தம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் பையன் பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டானாம்.

குரலில் கோபமே இல்லை. தினமும் தேநீர் விற்கிற அதே இதமான, பக்கத்து வீட்டுக் குரல். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. வேலையிலிருந்து ஆளை அனுப்பும்போது அன்பாகப் பேசுகிற மீட்டிங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். பையனிடம் பணிவு போய்விட்டது என்று பிறகு நிருபர்களிடம் காரணம் சொன்னார் காட்ஃப்ரே. 'பணிவு' அமெரிக்கா முழுக்கக் கேலி வார்த்தையாகிவிட்டது. அடுத்தடுத்து இன்னும் பலரை வெளியேற்றினார். அவரை நம்பியவர்கள் விலகத் தொடங்கினார்கள்.

பல வருஷம் செஸ்டர்ஃபீல்டு சிகரெட்டை விற்ற அதே குரலுக்கு 1959-இல் நுரையீரல் புற்றுநோய் வந்தது. அறுவைசிகிச்சையில் பிழைத்தார். டிவி மெல்ல மெல்லக் கைவிட்டது. ரேடியோ மட்டும் கூடவே இருந்தது. 1972 ஏப்ரல் 30-ஆம் தேதி காலை நிகழ்ச்சியை முடித்துக்கொண்டார், தொடங்கி சரியாக 27 வருஷம் கழித்து.