ஒளிந்திருக்கும் மிதவை

அசீரிய மன்னன் இரண்டாம் அஷூர்நசிர்பால் கி.மு. 9ஆம் நூற்றாண்டில் நிம்ரூத் நகரில் கட்டிய அரண்மனையின் சுவர்ச்சிற்பங்களில் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கரையில் வில்லாளிகள் நிற்க, அவர்களுக்குத் தப்பி ஆற்றில் நீந்துகிறவர்களை அதில் செதுக்கியிருக்கிறார்கள். அவர்களில் இருவர் ஆட்டுத்தோல் பையை நெஞ்சுக்கடியில் அணைத்து, வாயால் ஊதிக்கொண்டே போகிறார்கள். இன்று தூண்டில்காரருக்கும் கயாக் ஓட்டுபவருக்கும் புதுமை என்று விற்கப்படும் காற்றடைக்கும் லைஃப் ஜாக்கெட்டின் அடிப்படை அவ்வளவு பழையது. அப்படியிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டு தக்கையை நம்பியது, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி இலவம்பஞ்சை நம்பியது. காற்று திரும்பி வர இவ்வளவு காலம் ஆனதற்குக் காரணம் உண்டு. தக்கை எப்போதும் மிதக்கும். காற்றோ, பை ஓட்டையில்லாமல் இருந்து, வேண்டிய கணத்தில் உள்ளே வந்து சேர்ந்தால்தான் மிதக்கும். மிதவைச் சட்டையின் வரலாற்றை உடல் சௌகரியத்துக்கும் இந்த நம்பகத்துக்கும் இடையே நடந்த பேரமாகப் படித்தால், எந்தச் சட்டை யாருக்கு என்ற இன்றைய கேள்விக்கும் அதிலேயே விடை கிடைக்கிறது.

பேரம் தெளிவாகத் தொடங்குவது 1854இல். பிரிட்டனின் தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனத்தின் ஆய்வாளர் கேப்டன் ஜான் ராஸ் வார்டு, குறுகலான தக்கைப் பட்டைகளைக் கித்தான் துணியில் வரிசையாகத் தைத்து ஒரு சட்டை செய்தார். பட்டைகளாக நறுக்கியதற்குக் காரணம் துடுப்பு. கனத்த தக்கைக் கட்டையை மார்பில் கட்டிக்கொண்டு எவராலும் துடுப்பு வலிக்க முடியாது. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கும் சட்டையைப் படகுக்காரர் கழற்றித்தான் வைப்பார். 1861 பிப்ரவரி 9 அன்று விட்பி ஊரின் உயிர்காப்புப் படகு புயலில் கவிழ்ந்து, 13 பேரில் 12 பேர் மாண்டார்கள். பிழைத்த ஒரே ஆள் ஹென்றி ஃப்ரீமன், புதிய தக்கைச் சட்டை அணிந்திருந்தவர். ஓர் ஆள் பிழைத்தது சான்றாகுமா என்று கேட்கலாம். கறாராகப் பார்த்தால் ஆகாது; அலை ஒருவனைக் கரையில் எறிந்து இன்னொருவனை இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. ஆனால் கடற்கரை ஊர்களில் அந்தச் சட்டைக்கு மரியாதை வந்தது விட்பிக்குப் பிறகுதான்.

தக்கையிலும் ஏமாற்ற முடியும் என்று 1904 நியூயார்க்கில் தெரிந்தது. ஜூன் 15 அன்று கிழக்கு ஆற்றில் ‘ஜெனரல் ஸ்லோகம்’ என்ற உல்லாசக் கப்பல் தீப்பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கப்பலின் மிதவைச் சட்டைகள் ஆண்டுக்கணக்கில் தொங்கியதில் துணி இற்று, தக்கை பொடியாகிக் கொட்டியது. விசாரணையின்போது இன்னொன்றும் வெளிவந்தது: தயாரிப்பாளர் ஒருவர், விதித்த எடை வர வேண்டும் என்பதற்காகத் தக்கைக்குள் இரும்புத் துண்டுகளைச் செருகியிருந்தார். மிதவை துணிக்குள் ஒளிந்ததும் அதைச் சோதிக்க வேண்டிய கடமையும் கூடவே பிறந்துவிடுகிறது. அதே ஆண்டில்தான் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனம் இலவம்பஞ்சுக்கு மாறத் தொடங்கியது. நம் வீட்டு மெத்தைக்கும் தலையணைக்கும் பழகிய அந்தப் பஞ்சு, தன் எடையைப் போல ஏறத்தாழ 30 மடங்கைத் தாங்கும். தக்கையைவிட மென்மை, இலேசு. ஆனால் உறை கிழிந்தாலோ நெடுநாள் நசுங்கிக் கிடந்தாலோ அந்தக் குணம் போய்விடும். 1928 நவம்பர் 15 அன்று இங்கிலாந்தின் ரை துறைமுகத்தின் ‘மேரி ஸ்டான்ஃபோர்டு’ படகு கவிழ்ந்து 17 பேரும் இறந்தபோது, பழைய பஞ்சுச் சட்டைகள் நீரை உறிஞ்சிக் கனத்தன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்தச் சந்தேகம் ஊரை விட்டு லேசில் போகவில்லை. பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் ஜாவாவை ஜப்பான் பிடித்துப் பஞ்சு வரத்து நின்றதும், அமெரிக்கப் பள்ளிச் சிறுவர்கள் நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய்களை வயல்வெளிகளில் பொறுக்கிச் சேர்த்தார்கள், அதன் பஞ்சைச் சட்டைக்குள் திணிப்பதற்காக.

காற்று திரும்பி வந்தது இந்தக் காலத்தில்தான். 1928இல் அமெரிக்காவின் பீட்டர் மார்க்கஸ் காற்றடைக்கும் சட்டைக்குக் காப்புரிமை பெற்றார். போரில் விமானிகள் அணிந்த அந்த வகைக்கு, ஊதினால் நெஞ்சு புடைக்கும் தோற்றத்தால், நடிகை மே வெஸ்டின் பெயரே நிலைத்தது. ஆனால் கடலில் விழுகிற விமானி நினைவோடு விழுவான் என்று யார் உறுதி சொல்வது? பிரிட்டிஷ் விமானப்படையின் மருத்துவர் எட்கர் பாஸ்க் தம்மை மயக்கத்தில் ஆழ்த்தச் சொல்லி, சட்டையோடு நீச்சல்குளத்தில் போடச் செய்து, பல முறை சோதித்தார். முகம் நீருக்குள் போகும்படி கிடந்தால் மிதப்பதால் பயனில்லை என்பது அப்போது ஐயத்துக்கிடமின்றிப் புலப்பட்டது. மயங்கியவரை மல்லாக்கத் திருப்ப வேண்டும் என்ற இன்றைய கட்டாயத்துக்குப் பின்னால், உயிரைப் பணயம் வைத்த இந்தச் சோதனைகள் இருக்கின்றன.

இப்போது மீனவர் பக்கம் வருவோம். ‘போடாத சட்டை எவரையும் காப்பாற்றாது, வெயிலிலும் வலை இழுக்கும் வேலையிலும் பருத்த நுரைச் சட்டையைப் போடமாட்டார்கள், கழுத்தில் மெல்லிய பட்டையாகக் கிடக்கும் காற்றடைப்பானைத்தான் போடுவார்கள்’ என்பது வலுவான வாதம். வார்டு பட்டைகளை நறுக்கியதும் இதை நினைத்துத்தான். இன்ஜின் படகிலிருந்து தவறி விழுகிற மீனவருக்கு இது முழுக்கப் பொருந்தும். கட்டுமரம் மூழ்காது, கவிழ்ந்தாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கும்; இன்ஜின் படகோ ஆளை விட்டுவிட்டு ஓடிவிடும். தானியங்கிச் சட்டையில் நீர் பட்டுக் கரையும் ஒரு வில்லை சுருள்வில்லைப் பிடித்து வைத்திருக்கிறது. வில்லை கரைந்ததும் ஊசி பாய்ந்து, 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு அடங்கிய குப்பியைத் துளைக்கிறது. சில நொடிகளில் 150 நியூட்டன் மிதப்பு. அலைத்தெறிப்பு அதிகமுள்ள படகுக்கு, நீரழுத்தத்தில் மட்டும் திறக்கும் வகையும் உண்டு. மனம் தயங்குவது பராமரிப்பில்: வில்லை காலாவதியாகும், குப்பி துருப்பிடிக்கும், தூண்டில் முள் பையைக் குத்தும். குப்பியின் எடையைத் தராசில் சரிபார்த்து, ஆண்டுக்கொரு முறை வாயால் ஊதி ஓர் இரவு விட்டுப் பார்க்காதவரிடம் இருப்பது ஸ்லோகம் கப்பலில் தொங்கிய தக்கைதான்.

கயாக்குக்கு அதே வாதம் செல்லுபடியாகாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1996இல் பொழுதுபோக்குப் படகினருக்குக் காற்றடைப்பானை அனுமதித்தபோதும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அனுமதி தரவில்லை. வேகநீர்க் கயாக்கை அதற்கு ஏற்ற களமாக எவரும் கருதுவதில்லை. கயாக்கர் தவறி விழுவது விபத்து அல்ல, விளையாட்டின் ஒரு பகுதி. தானியங்கி ஒரு முறை வெடித்தால் அடுத்த கவிழ்வுக்குக் குப்பி இல்லை. ஊதிப்போன பை நெஞ்சில் நிற்கும்போது கயாக்கின் விளிம்பைத் தாண்டி ஏறுவது கடினம். கயிற்றைக் கையால் இழுத்துத் திறக்கும் வகை என்றால், குளிர்ந்த நீரில் மூச்சு திணறும் முதல் நிமிடத்தில் அந்தக் கயிறு கைக்கு அகப்பட வேண்டும். வயதுவந்த ஒருவரின் தலை நீருக்கு மேல் நிற்க மூன்று முதல் ஐந்து கிலோ அளவு மிதப்பு போதும். அதை எதையும் இழுக்காமலே கொடுத்துவிடும் 50 நியூட்டன் நுரைச் சட்டைதான் நீந்தத் தெரிந்து, கரையோரத்தில் ஓட்டுபவருக்கு உகந்தது. ‘அது மயங்கியவரை மல்லாக்கத் திருப்பாதே’ என்றால், உண்மைதான். அதனால்தான் கயாக்கர்கள் தனியே போவதில்லை, பாறை நீரில் தலைக்கவசம் போடுகிறார்கள். கயாக்கிலிருந்தே மீன்பிடிப்பவர்களுக்கென்று இப்போது வரும் நுரைச் சட்டைகளில், இருக்கையின் உயரமான சாய்வில் இடிக்காதபடி முதுகுப்புற நுரையை மேலே ஏற்றி, துடுப்பு போடும் தோள்களுக்கு அகலமாக வெட்டி, தூண்டில் சாமான்களுக்கு மார்பில் பைகள் தைத்திருக்கிறார்கள்.