சிப்பூர்த் தோட்டத்தில் சாய்ந்த மரங்கள்

1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயல், உயிரிழப்பின் கணக்கைக் கொண்டே நினைக்கப்படுகிறது. அது முறையே, கடலிலிருந்து ஹூக்ளி நதியில் ஏறிவந்த அலையில் மாண்டோர் பல பதினாயிரம் பேர். அதே வெள்ளம் நதியின் மேற்குக் கரையில், சிப்பூரில் இருந்த தாவரவியல் தோட்டத்துக்குள்ளும் புகுந்தது. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வீழ்ந்தன. தோட்டத்து மரங்களில் அது ஏறக்குறைய பாதி. மூன்றாண்டுகள் கழித்து, 1867 நவம்பரில் வந்த இரண்டாம் புயல் எஞ்சியவற்றில் மேலும் 750 மரங்களைச் சாய்த்தது.

அவை வெறும் நிழல் மரங்கள் அல்ல. 1787இல் ராபர்ட் கிட் இத்தோட்டத்தை அமைத்தபோது, கம்பெனியின் கப்பல்களுக்குத் தேக்கு வளர்ப்பதும் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அந்த மண்ணில் தேக்கு எதிர்பார்த்தபடி தேறவில்லை. 1793இல் பொறுப்பேற்ற வில்லியம் ராக்ஸ்பரோவின் காலத்திலும், அவருக்குப் பின் வாலிக்கின் காலத்திலும் பல நாட்டு மரங்கள் இங்கே வேரூன்றின.

கோடரி புயலுக்கு முன்பே வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1840களின் முற்பகுதியில், வாலிக் இல்லாத வேளையில் தோட்டத்தை நிர்வகித்த வில்லியம் கிரிஃபித், அறிவியல் முறைப்படி அதைத் திருத்தியமைக்க எண்ணிப் பழைய தோப்புகள் பலவற்றை வெட்டச் செய்தார். 1848இல் அங்கு வந்த ஜோசப் ஹூக்கர், சைகஸ் மரச்சாலையும் தேக்கு, மகோகனி, கிராம்பு, சாதிக்காய்த் தோப்புகளும் அழிக்கப்பட்டது கண்டு கடுமையாக எழுதினார். அடர்ந்த தோப்பில் ஒரு மரம் மற்றொன்றுக்குக் காற்றுமறைப்பாக நிற்கும். அந்த அணைப்பைக் கோடரி குலைத்திருக்க, புயலின் பழியில் கிரிஃபித்துக்கும் ஒரு பங்கு உண்டு எனக் கருத இடமிருக்கிறது.

வேரோடு சாய்ந்த மரத்தை அகற்றுவது நின்ற மரத்தை வெட்டுவதைவிட ஆபத்தானது. வளைந்து அழுந்திக் கிடக்கும் தடி, ரம்பம் பட்டதும் தெறித்து எழும். அறுத்தபின் வேர்த்தூர் பழைய குழிக்குள் திடீரெனப் புரண்டு விழும். கிளை கழித்து, தடியைத் துண்டாக்கி, இழுத்துச் சென்று, குழியை மூடவேண்டும். சிப்பூரிலோ அதன் பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. நிழல் போன நிலத்தில் வெயில் நேரே இறங்கியது. வங்காளத்தில் ‘உலு’ எனப்படும் முரட்டுப் புல் தோட்டமெங்கும் படர்ந்தது. வெட்ட வெட்டத் தழைக்கும் இப்புல்லின் நிலத்தடித் தண்டு, விழுந்த மரத்தைவிடப் பிடிவாதமானது.

1871இல் பொறுப்பேற்ற ஜார்ஜ் கிங், இழந்ததை அப்படியே மீட்க முயலவில்லை. ஏரிகளை வெட்டி, அந்த மண்ணால் தாழ்வான இடங்களை மேடாக்கி, புதிய சாலைகளை வகுத்து, மரங்களை நட்டார். இன்று பார்வையாளர் வியக்கும் ஏரிகளும் திறந்த வெளிகளும் பெரும்பாலும் அந்த வெறுமையின் மீது எழுந்தவை.

புகழ்பெற்ற ஆலமரம் அவ்விரு புயல்களையும் தாங்கி நின்றது. ஆனால் அதன் முதன்மைக் கிளைகள் முறிந்தன. முறிந்த வாய் வழியே பூஞ்சை நுழைந்தது. அடிமரம் மெல்ல உளுத்து, 1925இல் அதை அறுத்து அகற்ற நேர்ந்தது. விழுந்து அறுபத்தொரு ஆண்டு கழித்து அகற்றப்பட்ட புயல் மரம் என்றே அதைச் சொல்லலாம். நடுத்தண்டு இல்லாமலே விழுதுகளின் மேல் அம்மரம் பரந்து வளர்ந்தது. 2020 மே மாதம் ஆம்பன் புயல் அடித்தபோது அவ்விழுதுகளிலும் சில முறிந்தன.