சிலேட்டும் பட்டாவும்



'நீடித்த வளர்ச்சி' என்ற சொல்லை இன்று பாடநூலிலும் பார்க்கிறோம், தொழிற்சாலை வாசல் பலகையிலும் பார்க்கிறோம். 1987இல் ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் அதற்கு ஒரு விளக்கம் தந்தது. வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் கேடு வராமல் இன்றைய தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்வதே நீடித்த வளர்ச்சி என்றது. 2015இல் ஐ.நா. பொதுச்சபை 17 இலக்குகளை வகுத்து, 2030ஐக் கெடுவாக வைத்தது. நான்காவது இலக்கு கல்வி. நீடித்த வளர்ச்சியையும் மனித உரிமையையும் உலகக் குடிமை உணர்வையும் எல்லா மாணவர்களும் கற்க வேண்டும் என்று அதற்குள் ஓர் உட்பிரிவும் உண்டு.

நல்ல சொற்கள்தாம். நமக்கு அவற்றோடு பகையில்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. வளத்தைப் பாதுகாத்து அடுத்த தலைமுறைக்கு விட்டுச் செல்லுங்கள் என்கிறார்கள். கையில் எதுவுமே கொடுக்கப்படாத மக்கள் எதை விட்டுச் செல்வது? ஏரியில் இறங்க விடாதவரிடம் ஏரியைக் காப்பாற்று என்று பாடம் நடத்தினால், அந்தப் பாடம் அவருக்கு என்னவாகக் கேட்கும்?

நிலமும் நீரும் யார் கையில் இருக்கின்றன என்று கேட்கக் கற்றுத் தராத கல்வி எதையும் நீடிக்கச் செய்யாது. இன்றைய உரையில் நாம் சொல்ல வருவது இதுதான். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. பள்ளிக்கூடத்தின் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாகச் சொல்லி வருவது. அந்த வரலாற்றில் சில பக்கங்களை மட்டும் இங்கே புரட்டுகிறோம்.

முதல் பக்கம் புனேயில் இருக்கிறது. 1848இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் அங்கே பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார்கள். பிறகு மகர், மாங் சாதிக் குழந்தைகளுக்கும் பள்ளிகள் வந்தன. அங்கே படித்த முக்தாபாய் சால்வே என்ற 14 வயது மாங் சிறுமி 1855இல் ஒரு கட்டுரை எழுதினாள். 'ஞானோதயா' என்ற மராத்தி இதழில் அது வெளிவந்தது. தன் மக்கள் பட்ட துயரைப் பற்றிய கட்டுரை அது. எங்களை எங்கள் நிலத்திலிருந்து துரத்திவிட்டு அங்கே மாளிகை கட்டிக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டு அதில் இருக்கிறது. எழுத்துக் கற்று மூன்று நான்கு ஆண்டுகூட ஆகியிராத ஒரு குழந்தை முதலில் கேட்டது நிலத்தைப் பற்றித்தான்.

1882இல் புலே ஹண்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அரசின் வருவாய் உழைக்கும் மக்களின் வரியிலிருந்து வருகிறது, அது மேட்டுக்குடியின் உயர்கல்விக்குப் போகிறது என்று கணக்குக் காட்டினார். தொடக்கப் பள்ளியில் எழுத்து, கணக்கு, வரலாறு, புவியியலோடு வேளாண்மையின் அடிப்படை அறிவும் உடல்நலப் பாடமும் வேண்டும் என்றார். அதையொட்டிய ஆண்டுகளில் உழவர்களைப் பற்றி அவர் எழுதிய நூலில், மேய்ச்சல் நிலங்களை வனத்துறை வளைத்துக்கொண்டதைக் கண்டித்தார். மழைநீர் வயலிலேயே தங்கி ஊற அணைகளும் கரைகளும் கட்ட வேண்டும் என்று வழி சொன்னார். மண், நீர், மேய்ச்சல், பள்ளி நான்கையும் ஒரே கேள்வியாகப் பார்த்தவர் அவர். சூழலியல் கல்வி என்ற பெயர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இதெல்லாம் நடந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்கீர், பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். நிலத்தில் உழைப்பவருக்கு நிலம் இல்லை. தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து மனு போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடிசை போட்டிருக்கும் நத்தமும் மிராசுதாருடையது என்பார்கள். பணிய மறுத்தால் குடிசையை விட்டே விரட்டலாம். தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் படியாளாக நிற்பான். இத்தனையும் அந்த அறிக்கையில் பதிவாயின.

சேரியில் ஒரு பள்ளிக்கூடம் கட்டுவதற்கும் இதுவே தடையாக நின்றது. வாத்தியார் கிடைப்பார், பிள்ளைகள் வருவார்கள், ஓலை கிடைக்கும், சுவருக்கு மண் கிடைக்கும். பள்ளி நிற்க ஒரு துண்டு மனை கிடைக்காது. நிலம் இல்லாத இடத்தில் சிலேட்டும் வராது என்பதைச் செங்கல்பட்டுப் பகுதியில் வேலை செய்த மிஷனரிகள் நேரடியாகக் கண்டார்கள். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பை உருவாக்கியது இந்த அனுபவத்திலிருந்துதான். மனையும் பயிர்நிலமும் பள்ளியும் ஒருசேர அமைந்த இடம் அது.

இதை வெள்ளைக்கார அதிகாரியின், பாதிரியாரின் கருணைக் கதையாக மட்டும் நாம் படிக்கக் கூடாது. அதே 1891இல் பண்டிதர் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையை அமைத்து, நீலகிரியில் மாநாடு கூட்டினார். பள்ளி, உதவித்தொகை, படித்தவருக்கு வேலை ஆகிய கோரிக்கைகளோடு பொதுக் கிணறு குளங்களில் நீர் எடுக்கும் உரிமையும் அங்கே கேட்கப்பட்டது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1894இல் கர்னல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளிகளுக்குப் பின்னாலும் பண்டிதரின் முயற்சி இருந்தது. கேட்டவர்கள் நம்மவர்கள். கேட்டதால்தான் கிடைத்தது.

1892 செப்டம்பர் 30 அன்று நில ஒதுக்கீட்டுக்கான வருவாய்த்துறை அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதன்வழி வந்த நிலத்தைத்தான். முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது, அதன்பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது நிபந்தனை. 1893இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. ஓராண்டுக்குள் இரண்டு ஆணைகள். ஒரு கையில் பட்டா, மறு கையில் சிலேட்டு. இரண்டும் ஒன்றையொன்று தாங்க வேண்டியவை. பட்டா இருந்தால் பிள்ளையைப் பண்ணைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பலாம். சிலேட்டு இருந்தால் அந்தப் பட்டாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கலாம்.

1920 வாக்கில் உருவான லேபர் துறையும் மனைப்பட்டா, கிணறு, பள்ளி மூன்றையும் ஒரே அலுவலகத்தின் வேலையாகச் செய்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த லேபர் பள்ளிகளின் வழிவந்தவை. இந்தப் பிணைப்பு பிறகு தளர்ந்தது. பள்ளி ஒரு துறையின் கோப்பானது, நிலம் வேறொரு துறையின் கோப்பானது. பள்ளிகள் பெருகின, நம் தாத்தாக்களில் பலர் அங்கேதான் எழுத்துக் கற்றார்கள். நிலமோ கடனுக்கும் மிரட்டலுக்கும் எழுதப் படிக்கத் தெரியாத கைநாட்டுக்கும் கை மாறியது. 12 லட்சம் ஏக்கர் என்பது பஞ்சமி நிலத்துக்கு இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று நம்மிடம் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கல்வியை மண்ணோடும் தொழிலோடும் இணைப்போம் என்று யார் சொன்னாலும் கைதட்டிவிட முடியாது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டமும் அதையே சொன்னது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1954இல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. புலே கேட்ட வேளாண் பாடமும் 1953இன் தொழிற்பாடமும் காகிதத்தில் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். புலே, உழைப்பவனுக்கு அறிவைக் கொடுத்து அவனை நிலத்தின் உரிமையாளனாக நிற்கச் செய்யப் பார்த்தார். மற்றது, பண்ணையாள் மகனைப் பண்ணைக்கே திருப்பி அனுப்பியது. இன்று 'திறன் மேம்பாடு', 'பாரம்பரிய அறிவு', 'பசுமைத் தொழில்' என்ற பெயர்களில் திட்டங்கள் வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைப் படித்து முடித்த பிள்ளை உரிமையாளராவாரா, கூலியாகவே இருப்பாரா?

நீரின் கதையும் இப்படித்தான். பொதுப்பணத்தில் நடக்கும் குளம், கிணறு, பள்ளி, சத்திரம் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலைக்கும் கிணற்றுக்குமான தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். தீர்மானம் தாளில் இருந்தது, குளம் பழைய ஆட்களிடமே இருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கி நீரள்ளிக் குடித்தார். வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொல்ல 1937 ஆனது. ஒரு கை தண்ணீருக்குப் பத்தாண்டு. வழக்கை நடத்தப் பழைய ஆவணம் படிக்க வேண்டும், வழக்கம் என்று சொல்லப்படுவதைச் சட்டத்தால் உடைக்க வேண்டும். படிப்பு அங்கே குளத்துக்குப் போகும் வழியாக இருந்தது.

அடுத்து, உலகை அறிதல். நம் மக்கள் உலகை அறிந்தது முதலில் கப்பலின் அடித்தட்டில்தான். 1860இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. அதன்பின் போன கப்பல்களில் சேரி மக்கள் ஏராளம். மொரிசியஸ், கயானா, இலங்கை, மலாயா என்று கரும்பிலும் தேயிலையிலும் ரப்பரிலும் அவர்கள் உழைப்பு கலந்தது. உலகம் ஒன்று என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பறையில் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த அனுபவத்தை அறிவாக மாற்றியவர்கள் நம் முன்னோடிகள். புலே 1873இல் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அயோத்திதாசர் 1898இல் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்றார். தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராக இருந்து திரும்பிய இரட்டைமலை சீனிவாசன், 1930இல் அண்ணலோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன அண்ணல், 1946 ஜூலையில் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். தீண்டத்தகாதோரும் அப்படிச் செய்ய எண்ணுவதாகத் தெரிவித்தார். அந்த மாத இறுதியிலேயே டு பாய்ஸ் பதில் எழுதினார். 1972இல் பம்பாயில் இளைஞர்கள் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்து தலித் சிறுத்தைகள் ஆனார்கள். 2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் சாதியையும் பேச வேண்டும் என்று நம்மவர்கள் வாதாடினார்கள்.

உலகக் கொடிகளை வரிசையாக மாட்டி, பல நாட்டு உடை அணிந்து பிள்ளைகளை மேடையேற்றுவது ஒருவகை உலகப் புரிதல். தன் ஊர்த் துயரைப் பிறர் ஊர்த் துயரோடு ஒப்பிட்டு, இருவருக்கும் பொதுவான வழியைத் தேடுவது இன்னொரு வகை. நம்முடையது இரண்டாவது.

இப்போது மறுபடியும் செங்கல்பட்டு. ட்ரெமென்கீர் அறிக்கை எழுதி நூறாண்டு கழிந்தபின், அதே மாவட்டத்துக் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் எழுந்தார்கள். நிலத்தில் அண்ணலின் சிலையை நிறுவினார்கள், அது அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று நீதி கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டபோது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டத்தின் பின்னே ஒரு படிப்பு இருந்தது. 1892இன் அரசாணையைத் தேடி எடுத்தவர்கள், பழைய பதிவேட்டில் சர்வே எண்ணைப் பார்த்தவர்கள், அதை மக்கள் மொழியில் விளக்கியவர்கள் இருந்தார்கள். நூறாண்டுக்கு முன் பிரிக்கப்பட்ட சிலேட்டும் பட்டாவும் காரணையில் மறுபடி சந்தித்தன.

மாணவர்களே, இந்த உரையிலிருந்து ஒரு வேலையை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் கிராமத்தின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். புல வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். நிபந்தனை நிலம் எது, இன்று அது யார் பெயரில் இருக்கிறது, ஏரியின் பழைய பரப்பு என்ன, இன்று எவ்வளவு மிச்சம், மயானத்துக்குப் பாதை இருக்கிறதா என்று எழுதுங்கள். மறுத்தால் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுதியதைச் சேரியின் பெரியவர்களிடம் படித்துக் காட்டுங்கள். பதிவேட்டில் இல்லாதது அவர்கள் நினைவில் இருக்கும். ஆசிரியர்களாக இருக்கும் தோழர்கள் இதைச் சமூக அறிவியல் பாடத்தின் பகுதியாகச் செய்யலாம். மரம் நடும் நாளில், அந்த மரம் நிற்கும் நிலம் யாருடையது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நிலத்தைக் கூட்டுடைமையாக்கி, சாதி மத வேறுபாடின்றி உழைப்போருக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று அண்ணல் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற நூலில் எழுதினார். அதை அரசமைப்பிலேயே எழுதிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். அது நடக்கவில்லை. 2030 வரும், போகும். புதிய இலக்குகளும் புதிய கெடுவும் அறிவிக்கப்படும். முக்தாபாய் 1855இல் எழுதிய கேள்விக்கு அப்போதும் பதில் வராதிருந்தால், அதை மறுபடி எழுதும் பிள்ளைகளை உருவாக்குவதே நம் பள்ளிகளின் வேலை. அந்தப் பிள்ளைகள் பக்கம் இந்த மன்றம் நிற்கும்.

ஜெய்பீம்.