தனிமங்கள் சிவந்த திரை

ஆய்வகத்தில் ரியோஸ்டாட்டின் நகரும் முனையைத் தள்ளி மின்னோட்டத்தை மாற்றியிருப்பீர்கள். அந்தக் கைப்பழக்கமே கணிப்பொறித் திரையில் எண்களைச் சலிக்கும் சல்லடையாயிற்று. திரையில் தோன்றும் இந்த நகரும் குமிழை ஸ்லைடர் என்பர்.

1992-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஆல்பெர்க், கிறிஸ்டோபர் வில்லியம்சன், பென் ஷ்நைடர்மன் ஆகிய மூவரும் தனிம வரிசை அட்டவணையைத் திரையில் வரைந்தனர். அணு எண், அணு நிறை, அயனியாக்கும் ஆற்றல் போன்ற பண்புகளுக்குத் தனித்தனி ஸ்லைடர்கள். ஒன்றைத் தள்ளினால் நிபந்தனைக்குப் பொருந்தும் தனிமங்கள் அக்கணமே சிவப்பாக மாறும். வேதியியல் மாணவர் 18 பேரைக் கொண்டு சோதித்தபோது, படிவத்தில் எண்களைத் தட்டச்சு செய்து தேடுவதைவிட இம்முறையில் விடைகள் விரைவாகக் கிடைத்தன.

இதில் வியப்பில்லை. முதல் அயனியாக்கும் ஆற்றல் 5.15 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ் என்று வைத்துப் பாருங்கள். சோடியம் முதல் பிரான்சியம் வரை முதல் தொகுதியில் ஒரு நெடுக்கு வரிசையே சிவக்கும், 5.39 கொண்ட லித்தியம் மட்டும் மேலே தனித்து நிற்கும். பாடநூலின் எண் பட்டியலில் இது கண்ணில் படுவதேயில்லை.

ஆனால், ஸ்லைடரில் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இரண்டு குமிழ்கள் இருந்தால் ஒரு சிக்கல் எழுகிறது. ஏற்கப்பட்டது இடைப்பட்ட பகுதியா, வெளிப்பகுதியா? கோடு முழுவதும் ஒரே நிறமானால் இதை அறிய வழியில்லை. ஏற்ற பகுதிக்கு அழுத்தமான நிறமும் விலக்கிய பகுதிக்கு வெளிர்நிறமும் வேண்டும். பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஐக் 1994-இல் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஸ்லைடரின் உட்பகுதியையே வண்ண அளவுகோலாக்கியதுடன், தரவு எங்கே அடர்ந்துள்ளது என்பதை அதற்குள்ளேயே வரைந்தும் காட்டினார். வெற்றிடத்தில் குமிழை வீணாக இழுக்கும் வேலை மிச்சம்!

வண்ணத் தேர்வில் நானே தவறியதுண்டு. ஏற்றவை சிவப்பு, விலக்கியவை பச்சை என்று ஒரு படம் தயாரித்து வகுப்பில் காட்டினேன். நன்கு படிக்கும் மாணவர் ஒருவர் விடை சொல்லாமல் நின்றார். கவனக்குறைவு என்று கடிந்துகொண்டேன். வகுப்பு முடிந்தபின் தனியே வந்து, "இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது, சார்" என்றார். நான் தலைகுனிந்தேன்.

விழித்திரையில் கூம்பு செல்கள் மூவகை. அவற்றில் இருவகை ஏறக்குறைய 530, 560 நானோமீட்டர் அலைநீளங்களில் உச்ச உணர்வு கொண்டவை. இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் மாறுபட்டிருப்பினும் சிவப்பும் பச்சையும் மயங்கும். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் சுமார் 12 பேருக்கு ஒருவருக்கு இத்தகைய குறை உண்டு. ஆனால் வெளிச்ச வேறுபாடு அவர்களுக்கும் தெரியும்.

மறுநாள் படத்தைக் கருநீலத்திலும் வெளிர்சாம்பலிலும் மாற்றினேன். கறுப்பு வெள்ளை நகலெடுத்தும் சரிபார்த்துக்கொண்டேன். லித்தியம் வெளியே நிற்பதை அன்று முதலில் சுட்டியவர் அந்த மாணவரே.